யார் பதில் சொல்வது? போடி மலையடிவாரத்தில் இணையமும் நம்பிக்கையும்

போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகம் ஆள் அறிந்து நடந்த வணிகம். மலையில் காய் எடுத்து, ஸ்டோர் என்று சொல்லும் உலர்கூடத்தில் உலர்த்தி, மூட்டை கட்டி ஜீப்பில் இறக்கும் தோட்டக்காரருக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். யார் எடையில் சுத்தம், யார் பணத்தை இழுத்தடிப்பார், யாரிடம் முன்பணம் வாங்கினால் அந்த வருஷக் காய் முழுதும் அவருக்கே கட்டுப்பட்டுவிடும் என்பதையெல்லாம் கேட்டுத்தான் மூட்டையை இறக்குவார். ஏமாற்று அன்றும் இருந்தது. ஆனால் ஏமாற்றியவனின் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும், அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் போவார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். போய் நின்று கேட்க ஒரு வாசற்படி இருந்தது.

2007இல் இங்கே மின்னணு ஏலம் வந்தது. அதுவரை ஏலக்கூடத்தில் குரல் கொடுத்துத்தான் விலை ஏற்றுவார்கள். அதன்பின் வியாபாரிகள் வரிசையாகக் கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மாதிரிக் காய் கைக்கு வரும். அதை உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்ப்பார்கள், அளவு பார்ப்பார்கள், ஒன்றை உடைத்து மோந்து பார்ப்பார்கள். பார்த்து முடிப்பதற்குள் திரையில் அந்தக் குவியலின் எண்ணும் எடையும் வந்துவிடும். விரல் பொத்தானில் இருக்கும். 2021 ஜனவரியில் போடி, இடுக்கி மாவட்டத்தின் புற்றடி ஆகிய இரண்டு கூடங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கும் ஏற்பாடு தொடங்கியது. அந்தக் கூட்டத்தில் உட்கார இயலாத சிறு விவசாயியும் அன்றைய உச்ச விலை, சராசரி விலை இரண்டையும் அன்றைக்கே தெரிந்துகொள்கிறார். 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு குவியல் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனபோது, செய்தி மலை முழுக்கப் பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது கணினி வந்ததால் நேர்மை வந்தது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மின்னணு ஏலத்தை மக்கள் நம்பியதற்குக் காரணம் திரைக்குப் பின்னால் நிற்கும் ஏற்பாடு. ஏலம் நடத்தும் நிறுவனம் 1987ஆம் ஆண்டு விதிகளின்படி நறுமணப் பொருட்கள் வாரியத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மாதிரி கையில் இருக்கிறது. யார் எந்த விலைக்கு எடுத்தார் என்பது பதிவாகிறது. தகராறு என்றால் போய்க் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. அதாவது பழைய வாசற்படியை வேறு உருவத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் நேர்மை, நம்பிக்கை என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது என்பது என் எண்ணம். ஒரு செய்திக்கு, ஒரு பணப் பரிமாற்றத்துக்கு, ஓர் அழைப்புக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா? இந்த மலைச்சரிவில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்தவற்றை இந்தக் கேள்வியோடு பார்த்துக்கொண்டு போனால் பல விஷயங்கள் விளங்குகின்றன.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம், ஏனென்றால் அது நாடு முழுக்க ஒன்றுதான். 2016இல் யுபிஐ வந்தது. இன்று போடி சந்தையில் கீரைக்கட்டு விற்கும் அம்மாவின் தட்டிலும் அதற்கான ஓர் அட்டை இருக்கிறது, வாங்குகிறவர் போனைக் காட்டிவிட்டுப் போகிறார். அதே போனில்தான் மின்கட்டணம் கட்டாததால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்ற செய்தியும், வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்ற அழைப்பும், போலீஸ் உடுப்பில் வீடியோவில் தோன்றி உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம் என்ற மிரட்டலும் வருகின்றன. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டிவந்தது. அந்த ஓராண்டில் மட்டும் இந்தியர்கள் இணைய மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. முந்தைய ஆண்டைப் போல மூன்று மடங்கு. பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும், முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் கணக்கை முடக்கிப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு கூடும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலுள்ள பெரியவர்களின் போனில் அந்த எண்ணை இப்போதே பதிந்து வைத்துவிடுங்கள். மானம் போய்விடுமே என்று ஒரு நாள் முழுக்க மறைத்து வைப்பவர்களின் பணம்தான் திரும்புவதே இல்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பைப் போடி 2018 மார்ச் 11ஆம் தேதி பார்த்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து வந்த இன்னொரு குழுவும் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் இளம் வயதினர், பலர் பெண்கள். காய்ந்து நின்ற போதைப்புல்லில் தீ காற்றோடு ஏறியது. அன்றும் அதற்குப் பின் வந்த வாரங்களில் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கு முன்பே மலையேறியவர்கள் குரங்கணிக்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். இருட்டில், புகைக்குள், போர்வையைத் தூளியாகக் கட்டித் தீக்காயம் பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள்.

அந்தக் குழுக்கள் எப்படிச் சேர்ந்தன என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியம். சென்னைக் குழு, இணையம் வழியாக ஆள் சேர்த்து மலையேற்றம் நடத்திவந்த ஓர் அமைப்பின் ஏற்பாட்டில் வந்தது. முன்பின் அறியாதவர்கள் பதிவுப் படிவம் நிரப்பி, பணம் செலுத்தி, ஒரு சனிக்கிழமை காலையில் பேருந்தடியில் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிளம்புவார்கள். இதில் தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் தனியாக மலையேற இயலாத பெண்களுக்கு இணையம் திறந்துவிட்ட நல்ல வாசல்களில் அது ஒன்று. ஆனால் அந்த நம்பிக்கை எதன்மேல் நின்றது? முந்தைய பயணங்களின் படங்கள்மேல், வந்துபோனவர்களின் பாராட்டுகள்மேல். மார்ச் மாதத்தில் இந்தச் சரிவு எப்படிக் காய்ந்திருக்கும், புல் எந்த உயரத்துக்கு நிற்கும், தீ வந்தால் எந்த ஓடைக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் படத்தில் தெரியாது. அது குரங்கணியில் மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லத்தான் அனுமதி, கொழுக்குமலைத் தடத்துக்கு இல்லை என்று வனத்துறை பிறகு சொன்னது. நுழைவுச் சீட்டு வாங்கியதே அனுமதி என்று வந்தவர்கள் நினைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் யார் பொறுப்பு என்ற கேள்வி விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போனது.

அன்றிரவு இன்னொன்றும் நடந்தது. சதை கருகி, தண்ணீர் கேட்டபடி கிடந்தவர்களின் காட்சிகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசிகளிலும் சுற்றத் தொடங்கின. அவற்றில் இருந்தவர்களின் தாய் தகப்பன்மார் அப்போது சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வண்டி பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். அனுப்பியவர்களில் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மிகச் சிலர். மற்றவர்கள் பதறிப்போய், பாருங்கள் இந்தக் கொடுமையை என்று அனுப்பினார்கள். பதற்றம் நல்ல மனதிலிருந்து வந்தாலும், சாகக் கிடக்கிற ஒரு பெண்ணின் உடம்பை அவள் சம்மதமில்லாமல் ஊருக்குக் காட்டும் உரிமை யாருக்கும் இல்லை. இதை நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால் தூக்கப் போகும் கைகளுக்குச் சமமாகப் படம் பிடிக்கும் கைகளும் நீள்கின்றன.

2018க்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 தடங்களை அறிவித்து, இணையத்தில் முன்பதிவு செய்யும் வசதியைத் தொடங்கியது. குரங்கணியிலிருந்து கிளம்பும் தடமும் அவற்றில் ஒன்று. உள்ளூர் வழிகாட்டி கூட வருகிறார், காட்டுத்தீப் பருவத்தில் தடங்களை மூடுகிறார்கள். பதிவு செய்வது அன்றும் இணையத்தில்தான், இன்றும் இணையத்தில்தான். நடுவில் சேர்ந்தது ஒரு துறையின் பெயரும், அந்த மண்ணில் வளர்ந்த ஓர் ஆளின் கூட்டும். ஏலக்கூடத்தில் நடந்ததற்கும் இதற்கும் இருக்கும் உறவு தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலைதான் மிக அதிகம்.

போடிமெட்டு தாண்டினால் சின்னக்கானல். அங்கே ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றுவந்த காட்டு யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர். 2023இல் அந்த யானையைப் பற்றி நடந்த விவாதத்தைப் போல, இணையத்துக்கும் மலைக்கும் இடையிலான தூரத்தைக் காட்டிய இன்னொரு நிகழ்வை நான் பார்த்ததில்லை. யானைக்காக உருகியவர்களில் பெரும்பாலோர் தொலைதூர நகரங்களில் இருந்தார்கள். அதற்கு ரசிகர் குழுக்கள் முளைத்தன, பாட்டுகள் வந்தன. யானையின் பெயரில் வாட்ஸ்அப் குழு தொடங்கிப் பணம் வசூலித்துவிட்டார்கள் என்று கேரளத்தில் புகார்கூட எழுந்தது. அதே நேரம் சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கம் இரவில் வெளியே கால் வைக்கப் பயந்து கிடந்த குடும்பங்கள், யானையைப் பிடிக்க நீதிமன்றம் தடை விதித்தபோது கடையடைப்பு நடத்தின. அவர்களில் பலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுடைய பயம் காணொளியாக அழகாக வராது. ஆகவே அது பரவவில்லை.

ஏப்ரல் 29ஆம் தேதி யானையைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் வந்து, மே 27ஆம் தேதி கம்பம் நகருக்குள் இறங்கிவிட்டது. தெருக்களில் ஓடியது, ஒருவர் அடிபட்டுப் பின்னர் இறந்தார். நகரில் 144 தடையுத்தரவு போட்டார்கள். ஒரு தோப்புக்குள் ஒதுங்கி நின்ற யானையின் தலைக்கு மேல், யூடியூபில் போடுவதற்காக ஒருவர் ட்ரோன் பறக்கவிட்டார். அந்தச் சத்தத்தில் யானை மிரண்டு மறுபடி ஓடத் தொடங்கியது. வனத்துறை அவர்மேல் வழக்குப் போட்டது. ஊரே கதவடைத்துக் கிடக்கும்போது பார்வைகளின் எண்ணிக்கை ஒருவரின் கண்ணை எப்படி மறைக்கும் என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை. ஆனால் அந்த ஒருவரோடு குற்றம் முடிந்துவிடவில்லை. அன்றைக்கு யானை எங்கே, யானை எங்கே என்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்த நாம்தான் அந்தப் பார்வைகள்.

ஜூன் 5ஆம் தேதி தமிழக வனத்துறை யானையைப் பிடித்துக் களக்காடு–முண்டந்துறை காட்டுக்குள் கொண்டுபோய் விட்டது. அதன்பின் யானை மெலிந்துவிட்டது, சாகப்போகிறது என்று பேச்சு கிளம்பிற்று. அப்போது துறையின் செயலர் சுப்ரியா சாஹு, அது புல்லைப் பிடுங்கித் தண்ணீரில் அலசித் தின்னும் காணொளியைத் தன் பக்கத்தில் வெளியிட்டார். ஓர் அரசு அலுவலர் தன் பெயரோடு, தேதியோடு, கண்ணால் பார்க்கும் சான்றோடு பேசினார். வதந்தியின் வேகம் தணிந்தது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. வதந்தியைக் கண்டித்து அறிக்கை விடுவதற்கும், வதந்தி நிற்கும் இடத்தில் உண்மையைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அடுத்தது, இந்தச் சரிவில் எல்லாவற்றையும்விடச் சுலபமாகத் தீப்பற்றும் பொருள்: முல்லைப் பெரியாறு அணை. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, மலையைக் கடந்து, கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு மாலையில் இறங்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் பிழைப்பு இரு மாநில உறவின்மேல் நிற்கிறது. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை முற்றியபோது எல்லையில் வண்டிகளைத் தாக்கினார்கள், தொழிலாளர்களை மிரட்டினார்கள். அது உண்மை. அந்த உண்மையைச் சுற்றி அதைவிடப் பல மடங்கு பெரிய கதைகள் பரவின. உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதை வழியாகத் தேனி மாவட்டத்துக்குள் இறங்கின. அப்போது இவர்கள் கையில் இருந்தது பொத்தான் போன். வாட்ஸ்அப் இந்த மலைக்கு வந்திருக்கவில்லை. வதந்தியைப் புதிய ஊடகம்தான் பெற்றெடுத்தது என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். உண்மையான காயம் ஒன்று இருக்கும்போது, அதைப் பற்றி நம்பும்படி யாரும் பேசாதபோது, வதந்திக்கு வாய் ஒன்றே போதும்.

புதிய ஊடகம் கொண்டுவந்தது வேகமும், சொன்னவரின் அடையாளம் அழிவதும். 2021 அக்டோபரில் அணையை உடைக்க வேண்டும் என்ற முழக்கம் கேரளத்தில் சமூக ஊடகங்களில் பெரிதாகப் பரவியது, திரைப்பட நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்தப் பக்கம் தேனியில் எதிர்ப்புப் போராட்டம் கிளம்பியது. அணைக்கு ஆபத்தில்லை, பீதி கிளப்புவோர்மேல் நடவடிக்கை எடுப்போம் என்று கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்திலேயே சொல்ல வேண்டிவந்தது. இதில் நான் கவனித்தது ஒன்று. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்ற 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இரு பக்கத்திலும் மேற்கோள் காட்டிச் சண்டை போட்டவர்களில், அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பார்ப்பவர்கள் கம்பம் பள்ளத்தாக்கின் நெல் விவசாயிகள். அவர்கள் சண்டையில் அதிகம் கலந்துகொள்ளவில்லை.

2018 மே மாதத்தில் வாட்ஸ்அப் செய்தி தமிழ்நாட்டில் உயிரையே வாங்கியது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி வடமாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக 65 வயதுப் பெண்ணை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே முறையில் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் கதை திசை மாறியது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பீகாரில் காணொளிகள் பரவின. அவை பழைய, சம்பந்தமில்லாத சண்டைகள் என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு காணொளியிலேயே வந்து விளக்கினார், பீகாரிலிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது. 2011இல் மலையிறங்கி ஓடிவந்த நம் சனங்களின் பயத்தையும், 2023இல் ஊருக்கு ரயிலேறப் பார்த்த அந்த வடமாநில இளைஞர்களின் பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று ஏலத்தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் போனில் இந்தியில் என்ன செய்தி வருகிறது என்பது மேஸ்திரிக்குத் தெரியாது, பக்கத்து வரிசையில் காய் எடுக்கும் நம் அக்காவுக்கும் தெரியாது.

இதுவரை சொன்னவற்றில் உண்மை ஒரு பக்கம், பொய் ஒரு பக்கம் என்று ஏறக்குறையப் பிரித்துவிடலாம். அப்படிப் பிரிக்க இயலாத ஒரு விவகாரமும் போடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய அமைக்கத் திட்டமிட்ட ஆய்வுக்கூடம் அது. நீலகிரியின் சிங்காராவில் அமைக்கும் திட்டம், முதுமலைக் காடு கருதி 2009இல் மறுக்கப்பட்டது. அதன்பின் போடி மேற்கு மலையின் அம்பரப்பர் கரடு தேர்வானது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்தது. மலைக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், அதன் முடிவில் ஒரு குகை, அதில் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவி. அண்டவெளியிலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும் என்பது கணக்கு.

இணையத்தில் இது எப்படி வந்து சேர்ந்தது? நியூட்ரினோ கதிர்வீச்சால் குழந்தைகள் ஊனமாகப் பிறக்கும் என்று வந்தது. சுரங்கத்தில் அணுக்கழிவைக் கொட்டப்போகிறார்கள் என்று வந்தது. அணைகள் இடிந்துவிடும் என்று வந்தது. இவற்றில் முதலாவது அறிவியலுக்கு ஒவ்வாதது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் கோடானுகோடியாக நம் உடலை ஊடுருவிப் போய்க்கொண்டேதான் இருக்கின்றன, எதையும் செய்வதில்லை. அணுக்கழிவுக்கும் திட்ட ஆவணத்தில் இடமில்லை. ஆனால் எதிர்த்தவர்கள் எல்லோரும் வதந்தியை நம்பியவர்கள் என்று எழுதியவர்களும் உண்மைக்கு நியாயம் செய்யவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பல லட்சம் டன் பாறையை வெடி வைத்து எடுப்பது, தண்ணீர், மேய்ச்சல் நிலம், ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா என எல்லாமே கேட்கவேண்டிய கேள்விகள். வைகோவும் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் வழக்குத் தொடுத்தார்கள். 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு, மலையின் காட்டுயிர் வழித்தடத்தைக் காரணம் காட்டி, திட்டத்தை ஏற்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நீதிமன்றங்களில் எடுபட்ட வாதங்கள் மலையையும் காட்டையும் பற்றியவை. போன்களில் சுற்றியது ஊனக் குழந்தைகளின் படம்.

ஏன் இப்படி? நல்ல கேள்வி மெதுவாகப் போகிறது, பயம் வேகமாகப் போகிறது என்பது பாதி விடை. மீதி விடையைத் திட்டத்தை முன்வைத்தவர்களிடம்தான் தேட வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1965இலேயே இந்திய விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட பெருமையான கதை நம்மிடம் இருந்தது. அதைப் பொட்டிப்புரத்து ஆலமரத்தடியில், அந்த ஊர்த் தமிழில், கேள்வி கேட்க நேரம் கொடுத்து, வெடி வைத்தால் என் கிணறு என்னாகும் என்று கேட்பவருக்கு நேர்மையான பதிலோடு சொல்ல எத்தனை பேர் எத்தனை தடவை வந்தார்கள்? வந்தவர்கள் உண்டு, நல்ல மனதோடு வந்தவர்கள். ஆனால் இடத்தைத் தேர்ந்த பிறகு சம்மதம் வாங்க வந்தார்கள் என்றே ஊர் புரிந்துகொண்டது. அரசு அலுவலகங்களில் தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் தெரிந்த மக்கள், ஒன்றும் ஆகாது என்ற அதிகாரியின் சொல்லைவிட, பத்திரம் என்று எச்சரிக்கும் மைத்துனனின் வாய்ஸ் மெசேஜை நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. மைத்துனனை நாளைக்குத் தெருவில் பிடித்துக் கேட்கலாம்.

இங்கேதான் ஃபார்வர்டு என்பதன் உள்ளிருக்கும் சிக்கல் இருக்கிறது. மைத்துனன் சொன்னதாக நாம் நம்புகிறோம். மைத்துனனோ எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிட்டவன். கேட்டால், எனக்கு வந்தது அனுப்பினேன் என்பான். அவன் நல்ல பெயர் அந்தச் செய்திக்கு ஒட்டிக்கொண்டது, பொறுப்பு ஒட்டவில்லை. சட்டம் இதைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை, வேறொருவர் எழுதியதைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்று நடிகர் எஸ்.வி.சேகர் சொன்னபோது, பகிர்வது என்பது அதை ஒப்புக்கொண்டு ஆதரிப்பதே என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அவருக்கு விலக்குத் தரவில்லை. மாறாக, குழுவில் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டும் எனக்குச் சரியாகவே படுகின்றன. விரலால் தள்ளியவர் பொறுப்பு, கூரை போட்டுக் கொடுத்தவர்மேல் சிறை வேண்டாம்.

ஆனால் சிறை வராது என்பதால் அட்மினுக்கு வேலையே இல்லை என்றாகிவிடாது. போடியில் ஒவ்வொரு வார்டுக்கும், ஒவ்வொரு ஜீப் ஸ்டாண்டுக்கும், ஏலக்காய் விலைக்கும், கோயில் திருவிழாவுக்கும் குழுக்கள் இருக்கின்றன. நன்றாக நடக்கிற குழுக்களில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். யாராவது திடுக்கிடும் செய்தி போட்டால், அட்மின் தனியாகக் கூப்பிட்டு, எங்கே பார்த்தாய் மாமா என்று கேட்கிறார். அவமானப்படுத்துவதில்லை. இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை மாமாவே விசாரித்துவிட்டுப் போடுகிறார். அதிகாரம் இல்லாத, உறவு மட்டுமே உள்ள ஒருவர் செய்யும் இந்த வேலையை எந்தச் சட்டத்தாலும் செய்ய முடியாது.

அரசே உண்மை பார்க்கும் பிரிவு தொடங்குவது இன்னொரு வழி. தமிழ்நாடு 2023இல் அப்படி ஒன்றை அமைத்தது. பயன் இருக்கிறது, வெள்ளம் வந்தால், பிள்ளை பிடிப்பவர் கதை கிளம்பினால் உடனே மறுக்க முடிகிறது. ஆனால் அரசைப் பற்றிய செய்தியை அரசே பொய் என்று முத்திரை குத்தும்போது யாரிடம் முறையிடுவது? மத்திய அரசு தன் செயல்பாடு பற்றிய செய்திகளுக்கு இப்படி ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொண்டபோது, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. பொட்டிப்புரம் போன்ற விவகாரத்தில் திட்டத்துக்குச் சொந்தக்காரரே நடுவராகவும் உட்கார்ந்தால், மறுப்பறிக்கை வர வர வதந்தி வலுக்கும்.

மீதம் இருப்பது, இந்தக் கூரைகளுக்கெல்லாம் மேலே இருக்கும் கூரையைப் போட்டவர்கள். வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம். 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய நிறுவனங்கள் இந்தியாவில் குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும், புகாரை ஒரு நாளுக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், குறித்த கெடுவுக்குள் தீர்க்க வேண்டும். விதி நன்றாக இருக்கிறது. தேவாரத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகளுடைய படத்தை எடுத்து எவனோ போலிக் கணக்கு தொடங்கினால், அவள் அம்மா அந்த அலுவலரை எப்படிக் கண்டுபிடிப்பார்? படிவத்தின் பாதி வார்த்தைகள் அவருக்குப் புரியாது. கணினி மையத்துப் பையனிடம் படத்தைக் காட்டிக் கெஞ்ச வேண்டும், அதுவே இன்னொரு அவமானம். விளம்பரத்தைத் தமிழில் கேட்டு வாங்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, புகாரைத் தமிழில், பேச்சில், ஒரு வாய்ஸ் மெசேஜாக வாங்கவும் வழி தெரியாமலா போகும்? உரிமம் இல்லாமல் ஏலக்காய்க்கு ஏலக்கூடம் நடத்த முடியாது என்று 1987இலேயே எழுதிவைத்த நாடு, அந்தத் தாய்க்கு மாவட்டத் தலைநகர் தேனியிலாவது அந்த நிறுவனங்களின் பெயரில் ஒரு மேசையும், அதன் பின்னால் தமிழ் பேசும் ஓர் ஆளும் உட்கார வேண்டும் என்று எழுதலாம்.